சரி போட்ட கை

நெடுந்தீவில் ஒரு தகப்பனை, அவர் செய்யாத குற்றத்துக்காக, அவருடைய மகளின் முன்னால் வைத்து ஏசினேன். பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. சொல்ல வந்தது இதுதான். எப்படி நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் ஆங்கில ஆசிரியன். கஷ்டப் பிரதேச சேவை என்று அனுப்பினார்கள். விருப்பமில்லாமல் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் வரை பஸ். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடல். சோளகக் காலத்தில் படகு ஆடுகிற ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்கும்போதே திரும்புகிற படகைப் பற்றித்தான் நினைப்பேன். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு காணும் என்றும் நினைத்தேன். அது மமதை. வேறு பெயர் சொல்லித் தப்ப முடியாது.

அந்த அவசரத்தில்தான் ‘ஷவுட்’ என்ற சொல்லைப் படிப்பித்தேன். சின்னச் சொல். ஆனால் அதற்குப் பின்னால் எது வருகிறதோ அதைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘ஷவுட் அற்’ என்றால் ஒருவர்மேல் கோபப்பட்டுக் கத்துவது. எங்கள் பேச்சில் ஏசுவது. ‘ஷவுட் ரு’ என்றால் தூரத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பது. கோபம் அதில் இல்லை. ‘ஷவுட் ஃபோர் ஹெல்ப்’ என்றால் உதவி கேட்டுக் கூப்பிடுவது. பயத்திலும் நோவிலும் குளறுவதற்கு ‘ஸ்க்ரீம்’ என்று வேறு சொல் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ‘இது என்ரை ஷவுட்’ என்றால் இந்த முறை எல்லாருக்கும் நான் வாங்கித் தருகிறேன் என்று பொருள். இவ்வளவும் எனக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதியது ஒரே வரி: ‘ஷவுட் அற் – கத்திக் கூப்பிடுதல்.’ பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். நான் சிவப்பு மையால் சரி போட்டுக் கையொப்பம் வைத்தேன்.

பிறகு ‘என் தந்தை’ என்று ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் தகப்பன் கடற்றொழிலாளி. விடியப்புறம் கரைக்கு வருவார் என்று எழுதியிருந்தாள். அடுத்து, ‘மை ஃபாதர் ஷவுட்ஸ் அற் அஸ் எவ்ரி மோர்னிங்.’ அதற்கடுத்த வரியில், நாங்கள் கடகத்தோடு ஓடுவோம் என்றிருந்தது. அந்த வரியையும் வாசித்தேன். வாசித்தும் யோசிக்கவில்லை. குடித்துவிட்டு வந்து பிள்ளைகளை வெருட்டுகிற ஆள் என்று முடிவு கட்டினேன். குடியைப் பற்றி அவள் எங்கும் எழுதவில்லை. அதை நான் சேர்த்தேன். ஆசிரியர் அறையிலும் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டேன். அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வந்தார். நன்னாள் பெருநாளுக்கு எடுக்கிற வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாமல். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. என்னைவிட மூத்தவர். ‘நீர்’ என்றே பேசினேன். “பிள்ளையளைக் கத்தி வெருட்டி வளர்க்கக்கூடாது, விளங்குதோ? அதுகள் படிக்கிற பிள்ளையள்.” கதிரை இருந்தது. இருக்கச் சொல்லவில்லை.

அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்தேன். அவர் எப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர் என்று எனக்குத் தெரியாமலில்லை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் அந்த ஊர்ச் சனங்கள். 1990இல் தீவுப்பகுதிச் சனங்கள் பெருவாரியாக இடம்பெயர்ந்தார்கள். அதிகாரத்தில் இருப்பவன் கூப்பிட்டனுப்பினால் பேசாமல் போய் நிற்க வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு நான் புத்தி சொன்னேன்.

பிள்ளைதான் பேசினாள். “சேர், அப்பா ஏசுறேல்லை. வள்ளத்திலை நிண்டு எங்களைக் கூப்பிடுறவர். எஞ்சின் சத்தத்திலை கேக்காது எண்டுதான்...”

“வாயை மூடு” என்று கத்தினேன்.

அவள் கொப்பியை விரித்து மேசையில் வைத்தாள். என் வரி. என் சரி. என் கையொப்பம். அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். அதிபர் பக்கத்தில் இருந்தார். ஆங்கில ஆசிரியனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஆகிவிடும் என்று பயந்தேன். கொப்பியை மூடினேன். “சரி, இனிமேல் கவனமா இரும்” என்று அவரிடம் சொன்னேன். “ஓம் சேர்” என்றுவிட்டு மகளின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

ஊர் சின்னது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு ஏசினார்களாம் என்ற கதை அன்று பின்னேரமே பரவிவிட்டது. குடி என்று நான் சேர்த்ததும் கூடவே போனது. அவர் குடிப்பவர் அல்ல என்று பிறகு அறிந்தேன். கரையில் பிள்ளைகளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார் என்று ஒரு சக ஆசிரியை சொன்னார். தெரிந்தவர்கள் அதைச் சொல்லியே அவரைச் சீண்டினார்களாம். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு தன் வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் கட்டுரையை அப்படியே மனப்பாடம் செய்து எழுதினாள். பிழையே இருக்காது. வகுப்பில் கேள்வி கேட்டால் எழும்பி நிற்பாள். பேசமாட்டாள்.

அடுத்த கிழமை ‘ஷவுட் ரு’வைப் படிப்பித்தேன். புதுப் பாடம் போல. முன்பு எழுதியது பிழை, வெட்டுங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டையும் கொப்பியில் வைத்திருந்தார்கள். அவள் தலை நிமிராமல் எழுதினாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்கு விளங்கியிருக்கும்.

பிறகு இடமாற்றம் கிடைத்தது. சந்தோஷத்தோடு படகேறினேன். போகுமுன் அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். நடந்து போகக்கூடிய தூரம்தான். போகவில்லை. வேலை இருந்தது என்றோ படகுக்கு நேரமாகிவிட்டது என்றோ சொல்லமாட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அந்தக் கட்டுரையில் ‘அற்’ என்பதை வெட்டவில்லை. நான் படிப்பித்தபடி அது சரி என்றுதான் விட்டிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையால் ‘தந்தையைப் பற்றி இப்படியா எழுதுவது?’ என்று எழுதி, இருபதுக்கு ஆறு போட்டிருந்தேன். அந்தப் புள்ளியைக் கடைசிவரை திருத்திக் கொடுக்கவில்லை.