நண்பரும் ட்ரவுட் மீனும்

கல்லூரி விடுதியில் என்னோடு ஓரறையில் வாழ்ந்த நண்பரொருவர் நுவரெலியாவிற் பணியாற்றுகின்றார். மாணவப் பருவத்தில் அவர் மீனுண்பதை யான் இகழ்ந்துரைத்தேன்; அதனாற் பல்லாண்டுகள் எங்களிடையே பேச்சற்றுப் போயிற்று. சென்ற மாசியில் அவரே அழைத்தார். மரக்கறி உண்பவனாகிய யான் மீன்பிடி காணச் சென்றேன்!

ட்ரவுட் நம் நாட்டு மீனன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்கின் பொருட்டு அதனைக் கொணர்ந்து மலைநாட்டுக் குளிரோடைகளில் விட்டனர். இங்கே புழுவுக்கு வேலையில்லை. தூண்டில்முள்ளில் இறகும் நூலுஞ் சுற்றிச் செய்த பொய் ஈயை, நீர்மேல் மெல்ல விழுமாறு வீசுதல் வேண்டும். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலின், அதன் பின்புறமாகவே அணுகுவர்.

“மச்சான், உன் நிழல் நீரில் விழாமல் நில்” என்றார். வகுப்பில் அவர் இத்துணை அமைதியாயிருந்ததை யான் கண்டதில்லை.

அந்தியில் ஒரு சாண் நீள மீனொன்று அகப்பட்டது. நண்பர் என் முகத்தை நோக்கினார். பின்பு கையை நீரில் நனைத்து, மீனைப் பற்றி, முள்ளைக் கழற்றி, ஓடையில் விட்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேற்பூச்சு கெடுமாம். இரவு இருவரும் பருப்புஞ் சோறும் உண்டோம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாட் காலை தூண்டிற் பெட்டியை யானே சுமந்தேன். “இன்று அகப்படுவதை வீட்டுக்குக் கொண்டுவா” என்றேன்.

அன்று ஒன்றும் அகப்படவில்லை.