நுவரெலியாவுக்கு ஒரு நாள்: 42 கடித உறைகளின் கதை



எங்கள் தரம் 8 பிள்ளைகளைப் போன செவ்வாய்க்கிழமை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய், எல்லோரையும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தோம். அல்ஹம்துலில்லாஹ். படங்களைப் பார்த்த சிலர் "எப்படி பிளான் பண்ணினீங்க, எவ்வளவு முடிஞ்சது?" என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

இந்தக் கதை போன வருஷத்திலிருந்து தொடங்குகிறது.

போன வருஷமும் இதே பிள்ளைகளோடு இதே ஊருக்குத்தான் போனோம். திரும்பி வந்த வாரத்தில் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதக் கொடுத்தோம். ஒரு மகன் இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தான். றம்பொடை நீர்வீழ்ச்சியின் சத்தம், பூக்களின் நிறம், நீல நிற ஏரியில் அன்னம் மாதிரி மிதந்த படகுகள் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் அறையில் கைமாறி கைமாறி வாசித்தோம். 20க்கு 18 போட்டு "மிக நன்று" என்றும் எழுதினோம்.

பிறகு ஒருநாள் பயணக் கணக்கை முடிக்க வரவுப் பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் வரவே இல்லை. அன்று காலையில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தான். நாங்களும் "சுகமாகட்டும்" என்று சொல்லி பஸ்ஸில் ஏறிவிட்டோம். ஆளுக்கு 3,500 ரூபா வாங்கிய பயணம் அது. அந்த வயிற்றுவலிக்கு என்ன பெயர் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்கமாட்டான்.

எங்கள் ஊரிலிருந்து நுவரெலியா கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர். வெளிநாட்டிலிருந்து ஆயிரமாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளை ஒருவன் கூட்டாளிமார் சொன்னதைக் கேட்டுக் கட்டுரை எழுதுகிறான்.

போன வருஷப் பயணத்தில் வேறு பிழைகளும் இருந்தன. அவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பட்டியலில் ஏழு இடங்கள் போட்டிருந்தோம். ஹக்கலை பூங்கா, சீதா எலிய, தேயிலைத் தொழிற்சாலை, பண்ணை என்று ஓடியோடி, பிள்ளைகள் அதிகம் பார்த்தது பஸ்ஸின் முன்சீட்டு முதுகைத்தான். ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது மஃரிபுக்குக் கிட்ட. இருட்டில், பனிமூட்டத்தில் றம்பொடை வளைவுகளில் இறங்கிவரும்போது பிரேக் கருகும் வாடை பஸ்ஸுக்குள் வந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தோம்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று ஒரு வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் நாங்கள் போய்வரும் இதே பாதையில், கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெற்றோரிடமும் "பயப்படாதீங்க" என்று சும்மா சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதனால் இந்த முறை இடங்களின் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று முடிவுகளை முதலில் எடுத்தோம். காசு இல்லாததால் ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது. றம்பொடை இறக்கத்தை வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும். ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காத எதுவும் திட்டத்தில் இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்குள் எது அடங்குமோ அது.

முதலில் நாள். ஏப்ரல் சீசன் பார்க்க அழகுதான், பூக்கண்காட்சியும் உண்டு. ஆனால் வாகன நெரிசலில் பாதி நாள் போய்விடும். நோன்பு மாதம் இல்லை. பரீட்சைக் காலம் இல்லை. ஞாயிறும் போயாவும் கூட்டம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மிஞ்சியது. வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்துவிட்டோம்.

அடுத்தது பஸ். இந்த முறை டீவி, பாட்டு, கலர் லைட் பார்த்து பஸ் பிடிக்கவில்லை. மூன்று கேள்விகள்தான் கேட்டோம். டிரைவர் இந்தப் பாதையில் எத்தனை வருஷம் ஓடியிருக்கிறார்? முதல் நாள் இரவு வேறு ஹயர் இருக்கிறதா? டயரையும் பிரேக்கையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒரு வயதான நானா. "நீங்க கேக்கிறது சரி. ஏத்தத்தில எந்த கியர்ல ஏறினமோ அதே கியர்லதான் இறங்கணும். பிரேக்கை மிதிச்சுக்கொண்டே வந்தா அது சூடாகிப் பிடிக்காமப் போகும்" என்று பாடமே எடுத்தார். அவரையே பேசிக்கொண்டோம்.

பஸ், நுழைவுச் சீட்டுகள், காலைச் சாப்பாடு, பிளேன்டி, முத்திரை எல்லாம் சேர்த்து 84,000 ரூபா வந்தது. 42 பிள்ளைகள். ஆளுக்கு 2,000. பகல் சோற்றுப் பார்சல் வீட்டிலிருந்து.

இனிக் கடித உறைகள். 42 பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உறை கொடுத்தோம். "ஒரு பிள்ளைக்கான செலவு 2,000. முடிந்ததைப் போடுங்கள். முடியாவிட்டால் வெறும் உறையை ஒட்டி அனுப்புங்கள். பெயர் எழுதவேண்டாம்" என்று பெற்றோருக்கு அறிவித்தோம். உறை வரவேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது அல்லாஹ்வுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில்.

42 உறையும் வந்தன. மேசையில் கொட்டி ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் திறந்தோம். சிலவற்றில் சரியாக 2,000. ஒன்றில் 5,000 ரூபாத் தாள். ஒன்றில் இருபது ரூபாத் தாள்களாக 340 ரூபா. சில வெறுமை. மொத்தம் 78,650. குறைந்த 5,350ஐ நாங்கள் ஐந்து பேரும் பங்கிட்டுக்கொண்டோம். தலைக்கு ஆயிரத்துச் சொச்சம், பெரிய விஷயம் இல்லை.

ஒரு உறையில் மட்டும் காசோடு ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. "டீச்சர், பிள்ளைக்கிட்ட குளிருக்குப் போட சுவெட்டர் இல்ல. பரவாயில்லையா?"

நாங்கள் கொடுத்த அறிவித்தலில் "சுவெட்டர் அல்லது ஜெக்கட் கட்டாயம்" என்று எழுதியிருந்தோம். காசுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சூட்டில் சுவெட்டர் யார் வீட்டில் இருக்கும்? யார் எழுதியது என்று தேடவில்லை. எங்கள் வீடுகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கேட்டு 19 சேர்த்தோம். கழுவி, ஒரு பெரிய பேக்கில் போட்டு பஸ்ஸின் பின்சீட்டில் வைத்தோம்.

அன்று சுபஹ் தொழுதுவிட்டு 5.30க்குப் புறப்பட்டோம். கம்பளையில் பணிஸும் வாழைப்பழமும். புசல்லாவைக்குப் பிறகு வளைவுகள் தொடங்கின. இஞ்சியும் தேசிக்காயும் சொப்பிங் பேக்கும் தயாராக வைத்திருந்தோம். ஏழு பேர் வாந்தி எடுத்தார்கள். அது கணக்கில் இருந்ததுதான். றம்பொடையில் இறங்கி, 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியை இருபது நிமிடம் பார்த்தோம். அங்கேதான் பேக்கைத் திறந்தோம். முதலில் நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போட்டுக்கொண்டோம். "ஆ, குளிருது, யாருக்கு வேணுமோ எடுங்க" என்றோம். ஜெக்கட் வைத்திருந்த பிள்ளைகளும் கலர் நல்லா இருக்கிறதென்று வந்து மாற்றிப் போட்டார்கள். யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று இப்போது எங்களுக்கே தெரியாது.

அதற்கு மேலே ஏறும்போது ஒரு வளைவில் பூங்கொத்தோடு ஒரு பையன் நின்றான். பஸ் வளைந்து மேலே வருவதற்குள் குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவிலும் நின்றான். அதற்கடுத்த வளைவிலும். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மகள் மட்டும் கேட்டாள்: "சேர், இண்டைக்கு செவ்வாய்க்கிழமைதானே? இவருக்கு ஸ்கூல் இல்லையா?" பஸ் அமைதியாகிவிட்டது. நல்ல பதில் எங்களிடம் இருக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களையும் லயன் வரிசைகளையும் காட்டி, நாம் தினமும் குடிக்கும் தேத்தண்ணி எங்கிருந்து வருகிறது, அதைப் பறிப்பவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போனோம். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிற விஷயம் அது.

நகரத்துக்குள் நுழையும்போது மணி 9.45. எடுத்த இடங்கள் மூன்றுதான்.

முதலாவது தபாலகம். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டிடம், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு. 2023இல் அதைச் சுற்றுலா முதலீட்டுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று வந்தபோது தபால் ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, 50 ரூபா முத்திரை ஒட்டி, அங்கேயே போட்டார்கள். 42 பேரில் முன்பு கடிதம் எழுதியிருந்தவர்கள் இரண்டே பேர். முத்திரையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதிலேயே பெரிய விவாதம்.

இரண்டாவது விக்டோரியா பூங்கா. 1897இல் மகாராணியின் ஆட்சிக்கு 60 வருஷம் நிறைந்ததற்காகப் பெயர் வைத்தது. அங்கே வைத்து விஞ்ஞான டீச்சர் வெப்பமானியை எடுத்தார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், எங்கள் ஊர் 500 மீற்றர் அளவில். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்றால் எவ்வளவு வித்தியாசம் வரவேண்டும்? கணக்குப்படி 9 பாகை. பாடசாலைக்குக் கோல் எடுத்துக் கேட்டோம். அங்கே 28, இங்கே 19. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பூங்காக் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

நகரப் பள்ளிவாசலில் லுஹர், பிறகு சோற்றுப் பார்சல். அதன் பின் மூன்றாவது இடம், கிரகரி ஏரி. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி. மனிதர் செய்த ஏரி என்றதும் பிள்ளைகளுக்கு நம்பமுடியவில்லை.

படகிலும் குதிரையிலும் யாரும் ஏறவில்லை. இது எங்கள் மூன்றாவது முடிவு. கைச்செலவுக்கும் 300 ரூபாவுக்கு மேல் கொண்டுவரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். சில பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "வாப்பா காசு தந்தாரு, நான் ஏறினா என்ன?" என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கரையில் பாதிப் பேர் நின்று பார்க்க, மீதிப் பேர் சவாரி போகும் ஒரு ஏரியை எங்களால் காட்டமுடியாது. கரையில் நடந்தோம், விளையாடினோம், சுடச்சுட சோளம் வாங்கிப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

போன வருஷம் கட்டுரை எழுதிய மகனும் வந்திருந்தான். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து சொன்னான்:

"டீச்சர், போட் எல்லாம் நான் எழுதின மாதிரியேதான். ஆனா ஏரி நீலம் இல்ல."

மேகம் மூடியிருந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. "அப்போ இனி எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டோம். "பாத்த மாதிரி" என்றான்.

3.00 மணிக்குப் புறப்பட்டோம். இன்னும் அரை மணித்தியாலம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள், கொடுக்கவில்லை. நானா சொன்னபடியே கியரில் மெல்ல இறக்கினார். றம்பொடையைத் தாண்டும்போது நல்ல வெளிச்சம். கம்பளையில் அஸர். 6.45க்குப் பாடசாலை வாசல். உம்மாமார் நின்றார்கள்.

கடிதங்கள் வெள்ளிக்கிழமை வரத் தொடங்கின. மகன் வந்து மூன்று நாளைக்குப் பிறகு மகனின் கடிதம் வந்ததென்று ஒரு உம்மா சிரித்துக்கொண்டே காட்ட வந்தார். அதில் ஒரே ஒரு வரி: "உம்மா, இங்க நல்ல குளிர், நான் சுவெட்டர் போட்டிருக்கேன், யோசிக்கவேணாம்."

அடுத்த வருஷம் தரம் 8க்கு வரும் பிள்ளைகளுக்கும் இன்ஷா அல்லாஹ் இந்தப் பயணம் உண்டு. இந்த முறை 19 சுவெட்டர் சேர்ந்தன, எல்லோருக்கும் போதவில்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சுவெட்டர், ஜெக்கட் இருந்தால் கழுவிப் பாடசாலை அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் எழுதவேண்டாம்.

மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் யாருக்காவது நேர அட்டவணையும் செலவுக் கணக்கும் தேவையென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறோம். நாங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்தே அனுப்புகிறோம்.