புகை பார்க்கும் அக்கா

கட்டை 1 + தீ = கரி 1. பலர் கூடி ஆடும் மாயாஜால இணைய விளையாட்டு ஒன்றுக்கு ரசவாத விதிகள் எழுதும் வேலையில் இருந்தபோது நான் எழுதிய முதல் வரி இது. அபிராமத்துக்கார நண்பர் பார்த்துவிட்டு, "கரி இப்படியா ஆகுது? எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்றார். போனேன்.

பார்த்திபனூரிலிருந்து கமுதி போகும் சாலையில் இருக்கிறது அபிராமம். ஊரைத் தாண்டினால் இருபுறமும் சீமைக்கருவேலம். 1877இல் இந்தியாவுக்கு வந்த மரம். கண்மாய்களை அடைத்துக்கொண்டதால் வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்கெல்லாம் நடந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கே பல வீடுகளில் உலை கொதித்ததும் இந்த மரத்தால்தான்.

கரிக்காக அதை வெட்டுவதும் அடுக்குவதும் நான் போவதற்குள் முடிந்திருந்தன. வைக்கோலும் மண்ணும் போர்த்திய மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குழைத்த மண்ணும் ஒரு குடம் தண்ணீருமாக ஓர் அக்கா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கரிமூட்டம்தான். கணவருக்கு நெஞ்சுச்சளி முற்றி, புகைப் பக்கம் வர முடியாமல் போனபின் மருமகளோடு சேர்ந்து பார்க்கிறார்.

"எரிய விட்டா சாம்பல் தம்பி. எரியாம வேகணும். வெள்ளையாப் பொகை வந்தா தண்ணி வத்துதுன்னு அர்த்தம். நீலமா மெலிஞ்சா வெந்துருச்சு, ஓட்டையெல்லாம் அடைச்சிரணும்."

வேதியியலும் அதைத்தான் சொல்கிறது. முதலில் ஈரம் வெளியேறும். ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸில் மரம் தானாகச் சிதையத் தொடங்கி, வெப்பத்தையும் தானே விடும். அதன்பின் காற்றை மறிப்பது ஒன்றே வேலை. வெப்பமானி காட்டுவதை அக்கா புகையின் நிறத்தில் பார்க்கிறார்.

இரவும் அங்கேயே இருந்தேன். வேகவேக மூட்டம் உள்வாங்கும். உள்வாங்கிய இடத்தில் மண் வெடிக்கும். அதன் வழியே காற்று புகுந்தால் விடிவதற்குள் பாதி சாம்பல். அக்கா படுத்தால் மருமகள் விழித்திருப்பார். விரிசல் அடைக்க மேலே ஏறியபோது கால் உள்ளே போய் வெந்த தழும்பு அக்காவின் முழங்கால்வரை இருக்கிறது. மூட்டத்தின் அளவைப் பொறுத்து ஒரு வாரம், பத்து நாள் இப்படியே. நான்கு பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி தேறினால் நல்ல மூட்டம்.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு கட்டை 10 விநாடியில் கரியாகிவிடும். அதை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன், அதற்கு முன் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய வுர்ம் ஆன்லைனில் கரிக்குவியல் அடுக்கி மணிக்கணக்கில் நிஜமாகவே காத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஆனால் காத்திருப்பு மட்டும் போதாது. ஆடுகிறவருக்குப் புகை தெரிய வேண்டும், அதன் நிறம் மாற வேண்டும், ஒருவர் தூங்கினால் இன்னொருவர் காவல் இருக்க வேண்டும். பலர் சேர்ந்து ஆடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்று கருமருந்துக்கும் ஒரு விதி எழுதியிருந்தேன். அந்த 15 பங்குக்குப் பின்னால் எத்தனை இரவுகள் என்று அதை எழுதும்போது யோசிக்கவே இல்லை.

என் விதிகளில் வியாபாரியும் இல்லை. இங்கே மரம் வாங்கவே அவரிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் கரி அவருக்குத்தான். விலை அவர் சொல்வது, எடை அவர் தராசில், தூள் என்றும் ஈரம் என்றும் கழிவு வேறு. கழிவு போக மிஞ்சியது முன்பணத்துக்குச் சரியாகிவிடும். அடுத்த மூட்டத்துக்கு மறுபடி கடன். தீயைக் கட்டி ஆளத் தெரிந்தவரைக் கடனில் கட்டிப்போடுவது திருட்டு. அதற்கு வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பட்டணத்துல கிலோ என்ன வெல தம்பி?" என்று கிளம்பும்போது அக்கா கேட்டார். கைபேசியில் தேடிச் சொன்னேன். பதில் பேசாமல் மண் குழைக்கப் போய்விட்டார்.

எங்கள் விளையாட்டின் சந்தையில் அன்றன்றைய கரி விலை எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறேன். இதே ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய் விற்க ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் உண்டு. கரிக்கும் அப்படி ஒரு கூடம், ஒரு நேர்மையான தராசு, விலை எழுதிய ஒரு பலகை வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அபிராமத்திலிருந்து தொடங்குங்கள்.