ஓமக்குளக் கரையில்

கடலூர் முதுநகரைக் கடந்து தெற்கே செல்லும் சாலை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக வெள்ளாற்றைத் தாண்டி, ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் சிதம்பரத்தை அடைகின்றது. அவ்வூர் என்றதும் நான்கு கோபுரங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். நம் குடும்பத்தினரை நான் அழைத்துச் செல்ல விரும்புவதோ ஓமக்குளம் என்னும் பகுதிக்கு. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடம் அது என்பது ஊர் வழக்கு.

ஆதனூர்ச் சேரியில் பிறந்த அப்பெரியவர், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். தாம் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் சன்னிதியைக் காண இயலாது அவர் தவித்தபோது, குறுக்கே கிடந்த நந்தி விலகி வழிவிட்டது என்று பெரியபுராணம் கூறுகின்றது. தில்லையிலோ எதுவும் விலகவில்லை. அவரே நெருப்பில் இறங்க வேண்டியதாயிற்று. சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இன்று இந்த ஓமக்குளத்தில்தான் உள்ளன. தீ மூட்டிய இடத்தில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள்! கோபுரங்களைக் காட்டிலும் இதுவே என் நெஞ்சை நிறைக்கின்றது.

அன்பர்களே, இக்கதை பிறருடையது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. புதுச்சேரியில் இன்று பேராலயம் விளங்கும் சம்பாக் கோவிலில், அதன் பழைய கட்டடத்தினுள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அவர்கள் திரண்டு சென்று பெரிய குருவிடம் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்று நம்மிடையே நந்தி விலகியது எனலாம்.

ஆனால் சுவர் செங்கல்லால் மட்டும் ஆனதன்று. நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மூண்ட பூசல், 2008 மார்ச் 9, தவக்கால ஞாயிறன்று, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. இருவர் மாண்டனர். ஒரே பாத்திரத்தில் பங்குகொண்டவர்களின் ஊர் அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 2003 நவம்பரில், இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை நம் ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கடிந்து பேசியிருந்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளும் இக்கொடுமை உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து கொடுக்க முடியாதல்லவா?

இத்தகைய காயம் பட்டவர்களை நோக்கி, "மன்னித்துவிட்டு வாருங்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில், திருப்பலி முழுவதும் ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் முதியவர் ஒருவரை அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையின் சவப்பெட்டியைப் பெரிய தெரு வழியே கொண்டுவர விடவில்லை. உள்ளே வரலாமே என்று கேட்டபோது, "மன்னிச்சு ரொம்ப நாளாச்சுங்க சாமி. நம்பத்தான் முடியல" என்றார்.

நான் படித்த இறையியல் நூல்களில் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படவில்லை. மன்னிப்பு புண்பட்டவர் தருவது. ஒரே நாளில்கூடத் தந்துவிடலாம். நம்பிக்கையோ, புண்படுத்தியவர்களின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து வருவது. அதனை விரைவுபடுத்த நமக்கு உரிமையில்லை. அம்முதியவர் மரத்தடியில் நின்றபடி கவனித்துக்கொண்டிருந்தார்: வாசகம் வாசிப்பவர் யார், திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, குருவானவர் யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார் என்று.

நெடுநாள் பேச்சுக்கும் சில மனத்தாங்கல்களுக்கும் பிறகு, அவ்வூர்த் தேர் எல்லாத் தெருக்களுக்கும் சென்றது. முதல் ஆண்டு அவர் தம் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டு வாசலில் மெழுகுதிரி எரிந்தது. இப்போது ஆலயத்தினுள் வருகிறார். கதவுக்கு அருகில், கடைசி வரிசையில் அமர்கிறார். முன்னே வாருங்கள் என்று நான் அவரை அழைப்பதில்லை.