பகல் விளக்கு

ஸ்வீடனில் 1977லிருந்து பகலிலும் கார்கள் விளக்கெரித்துத்தான் ஓடவேண்டும். அங்கே குளிர்காலப் பகல் நம் அந்திக்குச் சமானம். ஐரோப்பிய யூனியன் 2011ல் புதுக் கார்களுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. நாமக்கல் சாலை வெயிலில் அது வினோதம்தான். ஆனாலும் இங்கேயே 2017 ஏப்ரலில் இரு சக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எந்நேரமும் எரியவேண்டுமென்று விதி வந்தது. பார்ப்பதற்கல்ல, பார்க்கப்படுவதற்கான வெளிச்சம்.

லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லில் எலக்ட்ரீஷியனுக்குப் பஞ்சமில்லை. நண்பர் காரின் இடது பகல் விளக்கு மங்கலாயிருந்தது. “இண்டிகேட்டர் போட்டா மட்டுமா, எப்பவுமேங்களா?” இதுதான் அவரது முதல் கேள்வி. இண்டிகேட்டர் சிமிட்டும்போது அந்தப் பக்கத்து விளக்கு தணிவது பல கார்களில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஏற்பாடல்ல, பழுதுதான் என்று நிச்சயமான பிறகே பானெட்டைத் திறந்தார்.

பல்பைக் கழற்றி, சாக்கெட்டில் மீட்டர் வைத்தார். 12 வோல்ட். நண்பருக்குத் திருப்தி, அவருக்கில்லை. “மீட்டரு ஒண்ணுங் கேக்காதுங்க சார். லோடு குடுத்துப் பாக்கோணும்.” மீட்டர் இழுக்கும் மின்சாரம் அநேகமாகச் சூன்யம். ஒற்றை இழையில் தொங்கும் கம்பிகூட அதற்கு முழுசு. 21 வாட் பல்போ ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கும். பல்பை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தார். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில் நாலு வோல்ட். பாடியோடு எர்த்தைப் பிணைக்கும் திருகில் துரு. சுரண்டி முடுக்கியதும் சரியாயிற்று.

1959ல் ‘எழுத்து’ தொடங்கிய செல்லப்பா அலசலை வற்புறுத்தினார், க.நா.சு. ரசனையை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இன்று இரண்டுமே மீட்டராகிவிட்டதாக எனக்குப் படுகிறது. படிமம், தொனி என்று முனைகளைத் தொட்டுப் பார்க்கிறோம்; எண் தெரிகிறது; கவிதைக்கு உயிருண்டு என்று எழுதிவிடுகிறோம். அதனிடம் எதையும் கேட்பதில்லை. சாவு வீட்டிலிருந்து திரும்பிய இரவில் அந்த வரி எரியுமா? இருண்மை என்கிறோமே, அது ஏற்பாடா, பழுதா? பழுதென்றால், துரு சொல்லிலா, சொல் திரும்பிச் சேரவேண்டிய மண்ணிலா?

நம் புதுக்கவிதையில் பெரும்பாலும் மண்ணில்தான் என்பது என் சந்தேகம். சொற்களில் வோல்டேஜ் குறையவில்லை.