பூட்டும் சக்கரம், பிரியாத தொகை

நாசிக் மாவட்டத்துப் பிம்பள்காவில் தக்காளி ஏற்றி, கசாரா கணவாயில் இறங்கி, விடியுமுன் நவி மும்பையின் வாசி சந்தையில் சரக்கை இறக்கும் பிக்கப் வண்டி அது. அதன் முகப்பில் ஏபிஎஸ் என்னும் மஞ்சள் விளக்கு மூன்று மாதமாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்து அணைவது அவ்விளக்கின் இயல்பு. அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது என்பது அதன் பொருள். இங்கோ அணைந்த விளக்கு வழியில் மீண்டும் எரிந்தது. எரிந்தால் எஞ்சினை நிறுத்தும்வரை அணையாது.

"பிரேக் பிடிக்கிறதல்லவா, பிறகென்ன?" என்றார் வண்டியின் உரிமையாளர். அவர் சொன்னது பொய்யன்று. மஞ்சள் விளக்கு மட்டும் எரிகையில் வழக்கமான பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் செயல் மட்டுமே ஓய்ந்திருக்கும். (சிவப்பு விளக்கும் உடன் எரிந்தால் கதை வேறு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.) ஆயினும் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பின் பின்பாகத்தில் எடையில்லை. நனைந்த சாலையில் அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். ஜூலை மாதத்து மழையில், இகத்புரிக்கு அருகே, அப்படி ஒருமுறை வீசியது. முன்னால் நின்ற லாரிக்கும் தன் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது என்பார் ஓட்டுநர். அதைச் சொல்லும்போது கையை நீட்டி அளந்து காட்டுவார். கை சற்று நடுங்கும்.

முதற் பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். எஞ்சினின் பிழைக்குறிகளை மட்டும் படிக்கும் மலிவான கருவிக்கு ஏபிஎஸ்ஸின் மொழி தெரியாது. இவர்களுடையது தெரிந்த கருவி. திரையில் வந்த தொடர்: 'இடது முன்சக்கர சென்சார் சர்க்யூட்.' சென்சாரை மாற்றினார்கள். நான்கு நாள் விளக்கு எரியவில்லை. ஐந்தாம் நாள் எரிந்தது. புதிய சென்சாரே பழுது என்று சொல்லி இன்னொன்றை மாட்டினார்கள். அதற்கும் பணம் வாங்கினார்கள். ஏறக்குறைய பத்து நாள் ஓட்டத்தின் மிச்சம் இப்படிக் கரைந்தது.

பிழை கருவியினுடையதன்று, வாசித்தவர்களுடையது. 'சென்சார் சர்க்யூட்' ஒரு தொகைமொழி. அதன் தலைச்சொல் சர்க்யூட். சென்சார் அதற்கு அடை. கருவி குறை கூறியது ஒரு சுற்றைப் பற்றி: சென்சார், இணைப்பி, அங்கிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிவரை ஓடும் இரு கம்பிகள், பெட்டியின் முனைகள் எல்லாம் அதில் அடக்கம். பட்டறை அடைமொழியைப் படித்துத் தலைச்சொல்லை விட்டுவிட்டது. தொகையில் பொருள் எச்சொல்லின் மேல் நிற்கிறது என்னும் வினாவைத் தொல்காப்பியம் எச்சவியலில் எழுப்புகிறது. அவ்வினாவுக்குப் பட்டறையிலும் வேலை உண்டென்று இலக்கண வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவதாகப் பார்த்தவர் நெடுஞ்சாலை ஓரத்து முதிய மின்பணியாளர். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை.

"எப்போது எரிகிறது, பேட்டா?"

"எப்போது வேண்டுமானாலும் எரியும், சாச்சா."

"அப்படி ஒரு நேரம் கிடையாது. யோசித்துச் சொல்."

ஓட்டுநர் யோசித்தார். கணவாயில் எரிந்ததாக நினைவில்லை. பெரும்பாலும் வாசியில்தான், குறுகிய இடத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுதும் ஒடித்து, பின்னோக்கி மேடையை அணையும்போது. இகத்புரி நாளிலும் சந்தையில் எரிந்த விளக்கோடுதான் புறப்பட்டிருந்தார். நடுவில் எங்கும் எஞ்சினை நிறுத்தவில்லை.

முதியவர் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பியைக் கழற்றி, இடது முன்சக்கரத்துக்குச் செல்லும் இரு கம்பிகளிலும் மீட்டரின் முனைகளை வைத்தார். ஆயிரம் ஓமுக்குச் சற்று மேலே காட்டியது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பழைய வகைச் சென்சாருக்கு அது நல்ல அளவு. பிறகு ஓட்டுநரை ஸ்டீயரிங்கை மெல்ல வலப்பக்கம் திருப்பச் சொன்னார். பாதிவரை எண் அசையவில்லை. கடைசிச் சுற்றில் எண் மறைந்தது; சுற்று அறுந்துவிட்டது. நேராக்கினால் மீண்டும் ஆயிரம்.

சென்சாரின் இணைப்பிக்கு அப்பால், மட்கார்டின் உட்புறத்தில், கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் ஒன்று இல்லை. சக்கரம் முழுதும் திரும்பும்போதெல்லாம் அங்கே கம்பி இழுபட்டு மடிந்திருக்கிறது. மேலுறையில் கீறல் கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் முறிந்திருந்தன. விரலால் நெருடியபோதுதான் அவ்விடத்தின் தொய்வு தெரிந்தது. முறிந்த பகுதியை வெட்டி, பற்றவைத்து, சுருங்கும் குழாயை மேலேற்றினார். வெட்டிய இடத்தில் இரு கம்பிகளையும் முன்போலவே ஒன்றையொன்று முறுக்கிவிட்டார்; முறுக்கு குலைந்தால் அயல் மின்னிரைச்சல் புகுந்து வேறொரு பொய்யைச் சொல்லும் என்றார். கிளிப்புக்குப் பதில் இரண்டு டை. கூலி, ஒரு சென்சாரின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

முன்பு கழற்றிய இரு சென்சார்களும் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்தன. ஓட்டுநர் கேட்டுக்கொண்டதால் அவற்றையும் அளந்தார். இரண்டிலும் ஆயிரத்துக்குச் சற்று மேலே காட்டியது.