ஆல்டோ என்றொரு குரல்

திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ கோயில்களில் பாட்டு இரண்டு வகை. ஒன்று பாமாலை: ஜெர்மன், ஆங்கில மெட்டுகளில் தமிழ் வரிகள். ஆர்கன் முன்னே போக, கொயர் நாலு குரலில் பாடும். இன்னொன்று கீர்த்தனை: ராகம், தாளம், பல்லவி, சரணம். "பாமாலை வெள்ளைக்காரன் பாட்டு, கீர்த்தனைதான் நம்ம பாட்டு" என்று சபைக்குள்ளேயே சொல்வார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதியைத்தான் யாரும் பேசுவதில்லை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் லுத்தரன் சபைக்காரர். அந்த மரபில் பாட்டு என்பது சபையே சேர்ந்து பாடுவது. அதனால் ஜெர்மன் மெட்டுகள் தமிழ் உடுத்திக்கொண்டன. பின்னால் வந்த ஃபப்ரிசியஸ் மொழிபெயர்த்த பாட்டுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு ஒரு பெரிய மரபையே உண்டாக்கினார். புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்து 1829இல் அவர் எழுதியதில், தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள் என்பது ஒரு புகார். சபைக்குள் சாதி வேறுபாட்டை விடச் சொல்லி நெருக்குகிறார்கள் என்பதும் அதே எழுத்தில் இன்னொரு புகார். பாட்டு விஷயத்தில் நான் அவர் கட்சி. மற்றதில் அப்படிச் சொல்ல முடியாது. "நம்ம பாட்டு" என்பதில் வரும் அந்த "நம்ம" யார் என்ற கேள்வி அன்றைக்கே இருந்திருக்கிறது.

பாமாலை மேல் சொல்லப்படும் குறை நியாயமானது. ஆங்கில மெட்டு அழுத்தத்தில் நடக்கும். தமிழ் குறில் நெடிலில் நடக்கும். மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து மாட்டினால் அதையும் இழுத்துத்தான் ஆகணும். ஆனால் வசதியும் உண்டு. இந்தப் பாட்டுகளின் வரி அளவை அசை எண்ணிக்கையால் குறிப்பார்கள்: 8, 6, 8, 6 என்று. அந்த அளவில் எழுதிய எந்த வரியையும் அந்த அளவுள்ள எந்த மெட்டிலும் பாடலாம். மெட்டும் வரியும் ஒன்றையொன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. மென்பொருள்காரனாக இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாலு குரலை எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? டானிக் சோல்ஃபா. இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய எழுத்து முறை. ஐந்து கோடு வேண்டாம். டோ, ரே, மி என்பதன் முதல் எழுத்துகளே போதும். டோ எந்தச் சுருதியிலும் நிற்கும், நம்ம ஷட்ஜம் மாதிரி. ச ரி க கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும்.

சோப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும். பாஸுக்கு அடித்தளம் என்ற பெருமை. டெனருக்கு உச்சியில் ஓரிரண்டு இடமாவது வரும். ஆல்டோவுக்கு ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் நாலைந்து ஸ்வரத்துக்குள் சுற்றும். எங்க பெரியம்மா நாற்பது வருஷம் ஆல்டோ பாடியவர். அடுப்படியில் தனியாகப் பாடும்போதும் ஆல்டோதான் வரும். என்ன பாட்டு என்று வெளியாள் யாரும் கண்டுபிடிக்க முடியாது. தனியாகக் கேட்டால் பாட்டாகவே இருக்காது. எடுத்துவிட்டால் பாட்டே வெறிச்சென்று ஆகிவிடும்.

ஆர்கன் என்றதும் சுவர் முழுக்கக் குழாய்கள் கொண்ட பைப் ஆர்கன் நினைவுக்கு வரும். சென்னை எழும்பூர் கிர்க் போன்ற சில இடங்களில்தான் அதைப் பார்க்கலாம். சூடு ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும், குழாயின் சுருதியும் ஏறும். 20 டிகிரியிலிருந்து 32க்குப் போனால் ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எங்க ஊர் மாதிரிக் கிராமங்களுக்கு வந்தது காலால் மிதித்து வாசிக்கும் ரீட் ஆர்கன். அதில் ஒலிப்பது உலோக நாக்கு. வெயில் அதை அவ்வளவாக அசைக்காது. துருத்தியை எலி கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது எல்லா இடத்திலும் கீபோர்டு. சுருதி மாற்ற ஒரு பட்டன், தாளத்துக்கு ஒரு பட்டன். சுருதிப் பட்டன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சபையின் தொண்டைக்கு அது உபகாரம். சிக்கல் தாளப் பட்டனில். அதைப் போட்டதும் இடது கை ஒரு கார்டைத் தொட்டால் போதும், பாஸும் நடுக்குரல்களும் பெட்டிக்குள்ளிருந்தே வந்துவிடும். பிறகு ஆல்டோ எதற்கு? மைக்கைப் பிடித்து எல்லோரும் மெட்டையே பாடலாம். கொயர் குறைந்தது பக்தி குறைந்ததால் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் செய்த வேலையைப் பெட்டி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

போனால் என்ன என்று கேட்கலாம். பக்கத்தில் நிற்பவர் வேறொன்றைப் பாட, நம்முடையதை விடாமல், அவருடையதையும் கேட்டுக்கொண்டே பாடுவது ஒரு பழக்கம். அங்கே யார் வீட்டுப் பிள்ளை என்பதைவிட எந்தக் குரல் என்பதே இடத்தைத் தீர்மானிக்கும். சபைக்குள் சாதி போய்விட்டது என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சபைத் தேர்தல் சமயத்தில் வந்து பார்த்தால் தெரியும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பாட்டு நேரமாவது, வேறு கணக்கில் வரிசை நின்றது அந்த நாலு குரலில்தான்.

பெரியம்மாவின் ஆல்டோ எந்தத் தாளிலும் இல்லை. போனில் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன், பாட்டுக்கு நாலு கோப்பு, குரலுக்கு ஒன்று. இதுவரை பதினோரு பாட்டு. டெனர் பாட இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.